முதல் துவக்கு வாங்கமுன்

ஒன்ராறியோவில் வேட்டைப் பாடம் படித்து முடித்து, முதல் செமி ஒட்டோ சொட்கன் வாங்க யோசித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைமாருக்கு,

ஆவணி பிறந்தால் என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. ஸ்காபரோவிலிருந்து ஒருவர், பிரம்ரனிலிருந்து ஒருவர், ஒட்டாவாவிலிருந்து ஒரு தங்கை. கேள்வி ஒன்றுதான். “அண்ணை, ஒரு துவக்குத்தான் வாங்கலாம். தாராவுக்கும் கொண்டுபோகவேணும், வசந்தத்தில வான்கோழிக்கும் வேணும், கார்த்திகையில மானுக்கும் உதவவேணும். எது திறம்?” ஒவ்வொருவரோடும் அரை மணித்தியாலம் கதைத்து, தொலைபேசியை வைத்த பிறகுதான் சொல்ல மறந்தவை நினைவுக்கு வரும். அதனால்தான் எல்லோருக்குமாக இந்த மடல்.

பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். உங்களில் பெரும்பாலானோருக்கு 12 போர், 3 அங்குல அறை, காஸில் இயங்கும் செமி ஒட்டோ, 26 அல்லது 28 அங்குலக் குழல், குண்டுகள் பரவும் அளவைக் கட்டுப்படுத்தக் குழல் வாயில் பூட்டும், கழற்றி மாற்றக்கூடிய சோக்குகள். உடம்பு சிறியவர்களுக்கு இதே அமைப்பில் 20 போர். அதில் எந்தக் கம்பனியின் பெயர் பொறித்திருக்கவேண்டும் என்பதை உங்கள் தோளும் கன்னமும் தீர்மானிக்கட்டும். கடைக்காரரோ நண்பரோ நானோ அதைத் தீர்மானிக்கக்கூடாது.

ஏன் ஒரே துவக்கு என்ற ஆசை இங்கே நியாயமானது என்பதற்கு ஒன்ராறியோவின் ஆண்டைப் பாருங்கள். சித்திரை 25இலிருந்து வைகாசி 31 வரை வான்கோழி. புரட்டாதியில் வாத்தும் தாராவும் தொடங்கிவிடும். இலை உதிரும்போது பற்றைக்குள் கிரவுஸ் பறவை. கார்த்திகையில் மான். தெற்கு ஒன்ராறியோவின் விவசாய நிலப் பகுதிகள் பலவற்றில் மான் வேட்டைக்கு ரைபிள் கொண்டுபோக முடியாது. சொட்கன் அல்லது வாய்வழி மருந்திடும் துவக்குத்தான். நம் ஊரில் இடியன் என்று சொன்னோமே, அந்த இனம். ஆகவே மேலே சொன்ன நாலுக்கும் ஒரு சொட்கன் போதும். வான்கோழி பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1900களின் தொடக்கத்தில் இந்த மாகாணத்தில் ஒரு காட்டு வான்கோழிகூட மிஞ்சவில்லை. 1984இல் தொடங்கி வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டுத்தான் மறுபடி பெருகியிருக்கின்றன. வேட்டைக்காரர்களின் அனுமதிக் காசும் உழைப்பும் அதில் உண்டு. நீங்கள் கட்டும் காசு எங்கே போகிறது என்று வீட்டில் யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இனி இயந்திரம். செமி ஒட்டோ என்றால் ஒரு வெடி வைத்ததும் வெறுந்தோட்டாவை வெளியே எறிந்து, அடுத்ததைத் தானே அறைக்குள் ஏற்றிக்கொள்ளும். அந்த வேலைக்கான பலத்தை அது எங்கிருந்து எடுக்கிறது என்பதுதான் நம்பகத்தின் வேர். முதலில் வென்று காட்டியவர் ஜோன் பிரவுணிங். அவருடைய ஒட்டோ 5இல் குழலே போல்ட்டோடு சேர்ந்து பின்னால் ஓடும். வின்செஸ்ரர் நிறுவனம் அவர் கேட்ட உரிமைப் பங்கைக் கொடுக்க மறுத்தது. பிறகு அவர் ரெமிங்ரன் நிறுவனத்தின் தலைவரைச் சந்திக்கப் போன அன்று, 1902 தை 8, அந்தத் தலைவர் மாரடைப்பால் இறந்துபோனார். பிரவுணிங் கப்பலேறி பெல்ஜியத்துக்குப் போய் எஃப்.என். நிறுவனத்திடம் கொடுத்தார். அந்தத் துவக்கு 1998 வரை உற்பத்தியில் இருந்தது. இன்றும் இங்குள்ள வயோதிபர்களின் கையில் காணலாம். அதில் சிறு தோட்டாவுக்கு ஒரு விதமாகவும் பெரிய தோட்டாவுக்கு வேறு விதமாகவும் மகசின் குழாயில் வளையங்களை மாற்றிப் போடவேண்டும். மறந்தால் ஒன்றில் அடுத்த தோட்டா ஏறாது, அல்லது துவக்கு அடி வாங்கும்.

இன்று கடையில் நீங்கள் பார்ப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. காஸ் வகையில், குழலிலுள்ள சிறு துவாரங்கள் வழியாக வெடிப் புகையின் ஒரு பங்கு கீழே இறங்கிப் பிஸ்ரனைத் தள்ளும். 1963இல் வந்த ரெமிங்ரன் 1100 இந்த வகையை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. இன்றைய பெரெட்டா ஏ300, வின்செஸ்ரர் எஸ்.எக்ஸ்.4, மொஸ்பேர்க் 940 எல்லாம் இந்தக் குடும்பம். மிஞ்சிய காஸை வால்வு தானே வெளியேற்றிவிடும். வளையம் மாற்றும் வேலை இல்லை. பிஸ்ரன் ஓடும் அந்தக் கணப்பொழுதில் உதை நீண்டு பரவுவதால் தோளுக்கு மெதுவாக வந்து சேரும்.

மற்றது சடத்துவ வகை. பள்ளிக்கூடத்தில் படித்த அதே சடத்துவம்தான். இத்தாலியில் புரூனோ சிவோலானி என்பவர் வடிவமைத்ததை, 1967இல் உர்பினோ நகரில் தொடங்கிய பெனெல்லி நிறுவனம் உலகுக்குக் கொடுத்தது. வெடித்ததும் துவக்கு முழுதும் பின்னால் நகரும். போல்ட்டின் கனமான உடல் மட்டும் நின்ற இடத்தில் நிற்கப் பார்க்கும். அதனால் உள்ளேயுள்ள தடித்த சுருள் அமுங்கும், பிறகு விரிந்து போல்ட்டைத் திறக்கும். குழலிலிருந்து காஸ் எடுப்பதே இல்லை என்பதால் உள்ளே கரி குறைவு. எடையும் குறைவு. ஃபிராங்கி அஃபினிற்றி, ஸ்ரோகர் எம்.3000, இன்றைய பிரவுணிங் ஏ5 எல்லாம் இந்தத் தத்துவம்தான்.

இவற்றில் நான் ஏன் புதியவர்களைக் காஸ் பக்கம் அனுப்புகிறேன் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஸ்குகொக் ஏரியின் நாணற் கரை, ஐப்பசி நடுப்பகுதி. விடிய இன்னும் நேரமிருந்தது. தண்ணீர் ஓரத்தில் கண்ணாடித் துண்டுபோல மெல்லிய பனி. என் கையில் சடத்துவ வகைத் துவக்கு, வாங்கி இரண்டாவது வருடம். பக்கத்தில் இருந்தவர்கள் மூச்சுச் சத்தமும் இல்லாமல் இருந்ததால், போல்ட்டைப் பட்டென்று விடாமல் கையால் பிடித்து மெதுவாக, சத்தம் வராமல் மூடினேன். வெளிச்சம் வந்ததும் இரண்டு மலார்ட் தாராக்கள் சிறகை விரித்துப் பிடித்து, கால்களை முன்னே நீட்டி, எங்கள் பொய்த்தாராக்களுக்கு மேல் இறங்கின. இருபத்தைந்து யார்கூட இராது. விசையை இழுத்தேன். க்ளிக். சுத்தியல் விழுந்தது, வெடி இல்லை. ஆண் தாராவின் பச்சைத் தலை திரும்பி என்னைப் பார்த்துவிட்டு மேலெழுந்ததை இப்போதும் காண்கிறேன்.

தோட்டாவில் பிழை இல்லை. அந்த வகையில் போல்ட்டின் தலை கடைசியாகச் சற்றுச் சுழன்று பூட்டவேண்டும். போல்ட்டை முன்னே தள்ளும் சுருளின் முழு வேகத்தோடு மூடினால் சுழலும். மெதுவாக விட்டால், அல்லது குளிரில் எண்ணெய் களியாகித் தடுத்தால், மூடியதுபோலத் தெரியும், பூட்டியிராது. நான் இரண்டையும் செய்திருந்தேன்: கையால் மூடினேன், முதல் நாள் இரவு தடித்த எண்ணெயை நிறையப் பூசியும் இருந்தேன். இப்போது அந்த வகையைக் கையில் எடுத்தால் போல்ட்டை முழுதாக விட்டு, பிறகு பெருவிரலால் கைப்பிடியை ஒருமுறை முன்னே தள்ளிப் பார்ப்பேன். சடத்துவ வகை கெட்டதென்று நான் சொல்லவில்லை. தெரிந்தவர் கையில் அது பல்லாண்டு உழைக்கும். ஆனால் அது தோளில் இறுக்கமாகப் பதிந்திருப்பதை எதிர்பார்க்கிறது. தளர்வாகப் பிடித்தாலும், புதிதாக இருக்கும்போது மிக மெல்லிய தோட்டா போட்டாலும் தடுமாறக்கூடும். முதல் வருடத்தில் கற்றுக்கொள்ள உங்களுக்கு வேறு எத்தனையோ இருக்கிறது.

காஸ் வகைக்கும் கடன் உண்டு. அதைக் கழுவவேண்டும். ஒவ்வொரு நாளும் இல்லை. ஆனால் பருவம் முடியும் மட்டும் திறந்தே பார்க்காமல் வைத்திருந்தால் பிஸ்ரனில் கரி கட்டியாகிவிடும். பழைய 1100 ஒன்று உங்களுக்கு மலிவாக வந்தால் வாங்கலாம், நல்ல துவக்கு. ஆனால் மகசின் குழாயில் ஒரு சிறு றப்பர் வளையம் இருக்கிறது. அது வெடித்துப்போனால் துவக்கு ஒற்றை வெடித் துவக்காகிவிடும், அடுத்த தோட்டா ஏறாது. சில டொலர் பெறுமதியான வளையம். இரண்டை வாங்கித் தோட்டாப் பெட்டியில் போட்டு வையுங்கள். பாவித்த துவக்கு எதுவானாலும் வாங்கமுன் முன்கட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அங்கே துருவும் கரியும் எப்படி இருக்கின்றன என்பதில் முந்திய சொந்தக்காரரின் குணம் தெரியும்.

குளிரைப் பற்றி இன்னொரு வார்த்தை. மார்கழி வாத்து வேட்டைக்குப் போகுமுன் உள்ளேயுள்ள எண்ணெயைத் துடைத்துவிட்டு, மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரு தடவு தடவினால் போதும். துவக்கைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்ததும் உலோகம் வியர்க்கும். அந்த ஈரத்தோடு உறைக்குள் போட்டால் மறுநாள் குளிரில் அதுவே உள்ளே உறைந்துவிடும். திறந்து வைத்துத் துடையுங்கள்.

இப்போது அங்குலம். கடையில் உங்களிடம் அதிகம் விற்கப் பார்ப்பது இதைத்தான். தோட்டாக்கள் 2¾, 3, 3½ அங்குலம் என்று வரும். 3½ அங்குலம் 1988இல் வந்தது. அதற்குக் காரணம் இருந்தது. நீர்ப்பறவைகளுக்கு ஈயக்குண்டை அமெரிக்கா படிப்படியாக நிறுத்திக்கொண்டிருந்த காலம். 1991இல் அங்கே நாடு முழுதும் தடை. கனடாவில் 1999இல் வந்தது. குளத்தடியில் விழுந்த ஈயத்தைத் தாராக்கள் கல்லென்று விழுங்கி நஞ்சேறிச் செத்தன. ஈயத்துக்குப் பதில் வந்த உருக்கு எடை குறைந்தது. ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் உருக்கு 7.8 அளவு. அதே தூரத்துக்குப் பலம் வேண்டுமென்றால் பெரிய குண்டு வேண்டும், பெரிய குண்டு நிறைய வேண்டுமென்றால் நீண்ட தோட்டா வேண்டும். அன்று அது சரி. இன்று 3 அங்குல உருக்குத் தோட்டாக்கள் மிக வேகமாக வருகின்றன. பிஸ்மத், ரங்ஸ்ரன் போன்ற கனமான குண்டுகளும் இருக்கின்றன, விலைதான் கூட. நாற்பது யாருக்குள் வரும் வாத்துக்கு 3 அங்குலம் எனக்கு ஒருநாளும் குறைந்ததில்லை. 3½ அங்குலத்தின் உதையை நாலு முறை வாங்கியவர் ஐந்தாவது முறை தன்னை அறியாமல் கண்ணை மூடுவார். அந்தப் பழக்கம் ஒருமுறை வந்தால் போக்குவது கடினம்.

போர் என்றால் என்னவென்று கேட்ட தங்கைக்கு: ஒரு இறாத்தல் ஈயத்தில் ஒரே அளவாகப் 12 உருண்டை பிடித்தால், அதில் ஒன்று சரியாக நுழையும் குழல் 12 போர். 20 உருண்டை பிடித்தால் 20 போர். அதனால்தான் எண் கூடக் குழல் சிறுக்கிறது. என் மகள் 20 போரில்தான் தொடங்கினாள், இன்னும் அதைத்தான் பாவிக்கிறாள், என்னைவிடச் சுத்தமாகத் தாரா விழுத்துகிறாள். ஆனால் ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் ஒரு சட்டம் போட்டே ஆகவேண்டும். 20 போர்த் தோட்டா 12 போர்த் துவக்கின் அறைக்குள் விழுந்தால் நிற்காது. வழுக்கிப் போய்க் குழலுக்குள் சிக்கும். பார்த்தால் அறை வெறுமையாகத் தெரியும். அதற்குப் பின்னால் ஒரு 12ஐப் போட்டு வெடித்தால் குழல் வெடித்துக் கை போய்விடும். இதற்காகத்தான் 20 போர்த் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மஞ்சள் தோட்டா மகளின் மேலங்கிப் பையைத் தவிர வேறெந்தப் பையிலும் இராது. வெளிக்கிடுமுன் எல்லாப் பைகளையும் மேசையில் கொட்டிப் பார்ப்போம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

கடைக்குப் போகும்போது வேட்டைக்குப் போடும் தடித்த குளிருடுப்பைக் கையோடு கொண்டுபோங்கள். ஆடியில், ரீசேட்டோடு பொருந்திய துவக்கு மார்கழியில் நீளமாகிவிடும். கட்டை அக்குளில் மாட்டும், நேரத்துக்குத் தோளுக்கு வராது. நிறையத் துவக்குகள் விசையிலிருந்து கட்டையின் முனை வரை பதினான்கு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வருகின்றன. நம்மில் பலருக்கு அது நீளம். ஆளில்லாத சுவரில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, கடைக்காரரைக் கேட்டு, துவக்கு வெறுமை என்று இருவரும் உறுதிசெய்த பின், கண்ணை மூடித் தோளுக்குக் கொண்டுவாருங்கள். கன்னம் கட்டையில் பதிந்ததும் கண்ணைத் திறவுங்கள். முன்மணி குழலின் நடுவில், உங்கள் கண்ணுக்கு நேரே இருந்தால் அது உங்களுடையது. குழலின் முதுகு முழுதும் நெடுக்கத் தெரிந்தால் கட்டை உயரம். போல்ட் பெட்டியின் பின்புறம் மட்டும் தெரிந்தால் தாழ்வு. கட்டைக்கும் பெட்டிக்கும் நடுவில் வைக்கும் மெல்லிய தகடுகள் பல புதிய துவக்குகளோடு வருகின்றன. அதை மாற்றிச் சரிசெய்யலாம். இடதுகைக்காரரானால், வெறுந்தோட்டா எந்தப் பக்கம் பறக்கிறது, பாதுகாப்புப் பொத்தானை மாற்றிப் போடலாமா என்று கேளுங்கள். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் தராத கடையில் வாங்காதீர்கள்.

வாங்கிய பிறகு நேரே ஏரிக்குப் போகாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்கிறேன். பெரிய கடதாசி ஒன்றை விரித்து, நாற்பது யாரில் நிறுத்தி, நீங்கள் வேட்டைக்குப் போடப்போகும் அதே தோட்டாவால் ஒரு வெடி வையுங்கள். துளைகள் அதிகம் உள்ள இடத்தில் முப்பது அங்குல வட்டம் கீறி எண்ணுங்கள். நான் எண்ணியதைச் சொல்கிறேன். ஒன்றேகால் அவுன்ஸ் இரண்டாம் இலக்க உருக்குத் தோட்டாவில் ஏறக்குறைய 156 குண்டுகள். மொடிஃபைட் சோக்கில் 108 வட்டத்துக்குள். அது நல்ல கணக்கு. ஈயத்துக்கென்று சொல்லப்பட்ட பழைய கணக்கில் மொடிஃபைட் என்றால் அறுபது வீதம், ஃபுல் என்றால் எழுபது. உருக்கு நசுங்காது, இறுகியே போகும். அதனால் மொடிஃபைட்டே ஃபுல்லின் வேலையைச் செய்துவிடுகிறது. பெரிய உருக்குக் குண்டை ஃபுல் சோக்கால் தள்ளாதீர்கள், குழல் வாய் வீங்கும். சோக்கில் எழுதியிருப்பதை வாசியுங்கள். மானுக்கு ஒற்றைக் குண்டு, ஸ்லக் என்பார்கள். வழுவழுப்பான குழலுக்கு அதற்கென்று செய்த ஸ்லக்கும் திறந்த சோக்கும் வேண்டும். பிளாஸ்ரிக் உறைக்குள் வரும் சேபட் ஸ்லக்குக்குப் புரி வெட்டிய குழல் தேவை. ஆகவே வாங்கமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மாதிரிக்குப் புரிக்குழல் தனியாகக் கனடாவில் கிடைக்குமா? உதிரிப் பாகம் எத்தனை நாளில் வரும்? மலிவான துவக்கொன்றை வாங்கி, உடைந்த ஒரு சிறு ஆணிக்காக முழுப் பருவத்தையும் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்கள் படித்ததுதான். முதல் தடவை பி.ஏ.எல். என்ற துவக்கு அனுமதிப் பத்திர விண்ணப்பத்துக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. 2022 வைகாசியிலிருந்து, விற்பவர் உங்கள் அனுமதியைச் சரிபார்த்து உறுதி இலக்கம் பெற்ற பிறகே துவக்கைக் கைமாற்றலாம். நண்பரிடம் வாங்கினாலும் அப்படித்தான். 2020 வைகாசி 1இலிருந்து தடைப் பட்டியல் பல முறை நீண்டிருக்கிறது. காசு கொடுக்கமுன் அந்த மாதிரி தடைப்பட்டதா இல்லையா என்பதைப் பொலிஸ் பட்டியலில் பாருங்கள். தாரா, வாத்துக்குப் போகும்போது மகசினில் இரண்டு, அறையில் ஒன்று, மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளாதபடி அடைப்பு இருக்கவேண்டும். புதுத் துவக்கோடு வரும் மரக்குச்சியோ பிளாஸ்ரிக் குச்சியோ அதற்குத்தான். கழுவும்போது கழற்றிவிட்டுப் போட மறந்துவிடாதீர்கள். சுட்ட பறவையை எடுக்க வழியில்லாமல் நீர்ப்பறவை வேட்டைக்குப் போகவும் சட்டம் விடாது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் எனக்கு அதுதான் முதல் விதி. நாணலுக்குள் காயத்தோடு போன வாத்தை இரண்டு மணித்தியாலம் தேடிக் காணாமல் திரும்பியிருக்கிறேன். பொருந்தாத துவக்கும் எண்ணிப் பார்க்காத தோட்டாவும் அப்படிக் காயங்களாகத்தான் முடியும்.

கடைசியாக உங்கள் அம்மாமாரைப் பற்றி. துவக்கு என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். வன்னியில் என் பெரியப்பாவிடம் ஒற்றைக்குழல் 12 போர் ஒன்று இருந்தது, வயலுக்குப் பன்றி வராமல் காக்க. அந்தத் துவக்கைப் பற்றி அம்மாவுக்கு ஒரு பயமும் இருந்ததில்லை. பிறகு வந்த துவக்குகளைப் பற்றித்தான் பயம், அது இந்த நாட்டுக்கு வந்தும் போகவில்லை. நான் முதன்முதல் வாங்கிக் கொண்டுவந்த அன்று அம்மா நிலக்கீழ் அறைக்கு இறங்க மறுத்துவிட்டா. நான் விவாதிக்கவில்லை. இரும்புப் பெட்டியைச் சுவரோடு ஆணியடித்துப் பூட்டினேன். விசைக்கும் தனியாகப் பூட்டு. தோட்டாக்களை வேறு பெட்டியில் பூட்டினேன். துவக்கை வெறுமையாக்கி, திறந்து, அறையையும் மகசினையும் விரலால் தடவிப் பார்ப்பதை அம்மாவுக்குக் காட்டினேன். அடுத்த புரட்டாதியில் முதல் தாராவைக் கொண்டுவந்தபோது இறகு பறித்து, மிளகாய்த்தூள் போட்டுக் குழம்பு வைத்தவ அம்மாதான். உங்கள் வீட்டில் பெட்டி வந்த பிறகு துவக்கு வரட்டும், அந்த ஒழுங்கில்.

வாங்கிவிட்டுச் சொல்லுங்கள். புரட்டாதிக்கு முன் ஒரு சனிக்கிழமை களிமண் தட்டு எறியும் மைதானத்தில் சந்திப்போம். கடதாசியும் கீறுகோலும் நான் கொண்டுவருகிறேன். நீங்கள் குளிருடுப்பைக் கொண்டுவாருங்கள், வெயிலாக இருந்தாலும்.

அன்புடன்,
பீற்றர்பறோவிலிருந்து உங்கள் அண்ணன்